மழலையும் தம்ளரும்

கீழப்பாவூரிலிருந்து ஓர் இளந்தாய் நமக்கு மடல் வரைந்துள்ளார். அவருக்குத் தலைப்பிள்ளை; ஏழு திங்கள் நிறைந்த பெண் குழந்தை. பிறந்த நாள் முதல் தாய்ப்பாலன்றி வேறொன்றும் அறியாது வளர்ந்த குழந்தை. இப்பொழுது குழைந்த பருப்புச் சோற்றை ஒரு வாய், இரண்டு வாய் உண்ணத் தொடங்கியிருக்கிறது. ஆனால் தண்ணீர்த் தம்ளரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வாயில் விட்டால் துப்பிவிடுகிறது. சில வேளைகளில் புரையேறி இருமவும் செய்கிறது. "சோறு தின்கிற பிள்ளை தண்ணீர் இல்லாமல் எப்படி இருக்கும்? பால் பாட்டில் ஒன்று வாங்கித் தண்ணீரை அதில் கொடு" என்று மாமியார் வற்புறுத்துகிறாராம். வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் இத்தாய்க்கு, கடையில் கணக்கு ஒப்படைக்க வேண்டிய அவசரம் வேறு. "பாட்டில் வாங்கலாமா, கூடாதா? இரண்டு வரியில் விடை தாருங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு வரியில் கூறுவதாயின்: வாங்க வேண்டாம், தம்ளரையே தொடருங்கள். ஆயினும் இதே வினா வேறு பல இல்லங்களிலும் எழுவதை நாம் அறிவோம். பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டுவதும் ஒரு பொருளா, அதற்கு ஒரு கட்டுரையா என்று ஆண்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நோய் கண்ட ஒரு நாளில் இச்சிறு பழக்கம் பிள்ளையின் உயிரைத் தாங்கி நிற்பதை ஒருமுறை கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஆகவே இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறோம்.

முதற்கண், தண்ணீர் எப்பொழுது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிறந்து ஆறு திங்கள் நிறையும் வரை, தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குத் தனியே தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தெட்டுப் பங்கு நீர்தான். தாகமெடுத்த குழந்தை அடிக்கடி மார்பை நாடும். சிறிது நேரம் அருந்தி விடும். அதுவே அதற்குத் தண்ணீர். "இது குளிர் நாட்டுக்குப் பொருந்தலாம், நம் சித்திரை வெயிலுக்குப் பொருந்துமா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான ஐயமே. தில்லி மாநகரில், கோடை வெப்பம் 40 பாகையைத் தொடும் நாட்களில் இதே ஐயத்தை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1991ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தாய்ப்பால் மட்டுமே அருந்திய குழந்தைகளுக்கு உடலின் நீர் குறையவில்லை. அவர்களுக்குத் தனியே தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. தில்லிக் கோடையில் வேண்டாதது, குற்றாலச் சாரல் காற்று எட்டிப் பார்க்கும் கீழப்பாவூரில் வேண்டுமென்பதற்கு இடமில்லை.

வேண்டாதது மட்டுமன்று, தீங்கும் உண்டு. பச்சிளங்குழந்தையின் இரைப்பை மிகச் சிறிது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பால் கேட்பது குறையும். பிள்ளை கேட்பது குறைந்தால் தாய்க்குச் சுரப்பதும் குறையும். தண்ணீரோடு கிருமியும் சேர்ந்து வந்தால் வயிற்றுப்போக்கு. மிகுதியாகப் புகட்டினால் இரத்தத்திலுள்ள உப்பின் அளவு தாழ்ந்து வலிப்பு வருதலும் கூடும். 2001ஆம் ஆண்டு உலகச் சுகாதாரப் பேரவை, முதல் ஆறு திங்களும் தாய்ப்பால் மட்டுமே என்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. அதற்கு முன்னர் நான்கு முதல் ஆறு திங்கள் என்பதே வழக்கிலிருந்த அறிவுரை. ஆகவே "எங்கள் காலத்தில் நாலாம் மாதமே தண்ணீர் கொடுக்கச் சொன்னார்களே" என்று கூறும் ஆச்சிமாரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர்கள் கேட்ட அறிவுரை அது. பின்னர் அறிவு வளர்ந்தது.

நெல்லைச் சீமையில் பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. சேனை வைத்தல் என்பர். நல்லவர் ஒருவர் வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கை. அன்பினால் எழுந்த வழக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நச்சுக்கிருமியை ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலால் எதிர்க்க இயலாது. நல்லவரின் ஆசி வேண்டுமாயின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையச் சொல்லலாமே. ஞாயிறு திருப்பலியின்போதும் இதைக் காண்கிறோம். மறையுரை சற்று நீளும். புழுக்கத்தில் மூன்று மாதக் குழந்தை அழும். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டில் கைமாறி வரும். மூடியில் ஊற்றிப் பிள்ளையின் வாயில் விடுவார்கள். தாய் ஓரமாகச் சென்று பாலூட்டுவதை யாரும் தவறாக நினையாத ஆலயமாக நம் ஆலயங்கள் இருந்தால் அந்தத் தண்ணீர்ப் பாட்டிலுக்கு வேலையிருக்காது. திருத்தந்தை பிரான்சிஸ், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கையில், பசித்து அழும் பிள்ளைகளுக்குத் தயங்காமல் பாலூட்டுமாறு அன்னையரிடம் கூறியதை இங்கு நினைவூட்டுகிறோம். அவ்வளவு புனிதமான இடத்தில் ஆகுமெனில் நம் பங்கு ஆலயத்தில் ஆகாதா?

ஆறு திங்கள் நிறைந்து திட உணவு தொடங்கியதும் நிலை மாறுகிறது. சோறும் பருப்பும் மசித்த கிழங்கும் உள்ளே சென்றால், அவற்றை இறக்கவும் மலம் இறுகாமல் இருக்கவும் சிறிது தண்ணீர் வேண்டும். சிறிதுதான். தொடக்க நாட்களில் ஒவ்வொரு முறை ஊட்டிய பின்னும் இரண்டு மூன்று மிடறு. ஓராண்டு நிறையும் வரை நாள் முழுவதற்கும் சேர்த்து 120 மில்லி லிட்டர் முதல் 240 மில்லி லிட்டர் வரை என்பது மருத்துவர்கள் கூறும் கணக்கு. நம் மடல் எழுதிய தாயின் குழந்தை ஏழு திங்களில் பாதியைத் துப்பிவிட்டாலும் கவலைக்கு இடமில்லை. அதற்கு வேண்டிய நீரின் பெரும்பங்கு இன்னும் தாயின் மார்பிலிருந்தே வருகிறது. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். ஆகவே இப்பருவத்தில் தம்ளர் கொடுப்பது தாகத்திற்காக என்பதினும், பழக்கத்திற்காக என்பதே பொருந்தும். இதை மாமியாருக்கு எடுத்துக் கூறிவிட்டால் பாதிச் சச்சரவு தீரும்.

இனி, பாத்திரம். பாட்டில் ஏன் வேண்டாம் என்கிறோம்? மார்பில் பால் அருந்தும் குழந்தை வாயை அகலத் திறந்து, நாவை நீட்டி, தாடையை அசைத்து உழைக்கிறது. ரப்பர்க் காம்பில் அந்த உழைப்பு வேண்டியதில்லை. அதில் பழகிய பிள்ளைகளுள் சில பின்னர் மார்பை மறுக்கின்றன. மற்றொன்று தூய்மை. காம்பின் உட்புறத்திலும் கழுத்தின் திருகு வரைகளிலும் படியும் அழுக்கைக் கண்ணால் காண இயலாது. காணாததைக் கழுவுவது எங்ஙனம்? நாளுக்கு ஐந்து முறை வேகவைத்து எடுத்தால் தூய்மையாகும் என்பது உண்மையே. ஐந்து முறை அடுப்பேற்ற எந்த வீட்டில் நேரமிருக்கிறது? தம்ளரோ வாய் திறந்த பாத்திரம். சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்தால் போதும்.

இந்தப் பாட்டிலுக்கு ஒரு வரலாறும் உண்டு. அதில் நம் துறவியர் சிலர்க்குப் பங்கும் உண்டு. ஏழை நாடுகளில் மாவுப் பாலும் பாட்டிலும் விளம்பரத்தின் வலிமையால் குடிசைகள் வரை சென்றன. தூய நீரும் விறகும் இல்லாத வீடுகளில் கரைத்த அந்தப் பாலால் குழந்தைகள் நோயுற்று இறந்தனர். 1974ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இதனை அம்பலப்படுத்தி ஒரு சிறு நூல் வெளிவந்து உலகெங்கும் பேச்சாயிற்று. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் என்னும் ஊரைத் தாயிடமாகக் கொண்ட விலையேறப்பெற்ற திருஇரத்தச் சகோதரிகள், பிரிஸ்டல்-மையர்ஸ் என்ற பெருநிறுவனத்தில் சில பங்குகள் வைத்திருந்தார்கள். அந்நிறுவனம் குழந்தைப் பால்மாவு விற்கும் முறையைப் பற்றிப் பங்குதாரர்களுக்கு உண்மை கூறவில்லை என்று 1976இல் வழக்குத் தொடுத்தார்கள். 1977இல் நீதிபதி வழக்கைத் தள்ளினார். சகோதரிகள் ஓயவில்லை, மேல்முறையீடு செய்தார்கள். 1978இல் சமரசம் ஏற்பட்டது. சகோதரிகள் கூறியவையும் பங்குதாரர் அனைவருக்கும் எழுத்தில் சென்றன. பணபலம் மிக்க ஒரு நிறுவனத்தைச் செபமாலையும் பங்குப் பத்திரமும் கொண்டு எதிர்த்து நின்ற அப்பெண்களை நம் மறைக்கல்வி வகுப்புகளில் ஒருநாளேனும் பேசலாம்.

அவர்களைப் போன்ற பலரது முயற்சியின் பயனாக 1981ஆம் ஆண்டு மே திங்களில் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. நம் பாராளுமன்றம் 1992இல் சட்டமே இயற்றியது. 2003இல் அதனைத் திருத்தி வலுப்படுத்தியது. இச்சட்டத்தின்படி இந்தியாவில் குழந்தைப் பால்மாவுக்கும் பாலூட்டும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்தல் குற்றம். தாய்மார்களுக்கு இலவச மாதிரியோ பரிசோ வழங்குதலும் குற்றம். எனவே குழந்தை பிறந்த வீட்டுக்குப் பாட்டில் பரிசளிக்கும் உறவினரிடம், கடைக்காரர் செய்யக்கூடாத பரிசை நாம் செய்வானேன் என்று நயமாகக் கேட்கலாம்.

வெள்ளிச் சங்கு, பாலாடை என்று நம்மிடையே வழங்கும் கெண்டி மூக்குப் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். தாய்மாமன் சீராக வந்து அலமாரியில் தூங்கும் இப்பாத்திரம் உண்மையில் நல்ல பாத்திரமே. குறைமாதத்தில் பிறந்து மார்பில் உறிஞ்ச வலுவற்ற குழந்தைகளுக்கு, தாயின் பாலைக் கறந்து பாலாடையால் புகட்டுவது நம் நாட்டு மருத்துவமனைகளில் இன்றும் கைக்கொள்ளப்படும் முறை. குற்றம் பாத்திரத்தில் இல்லை. நம் வீட்டு முறையில் இருக்கிறது. கால்களை நீட்டி அதன்மேல் பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, கன்னத்தை அழுத்தி, சிலர் மூக்கையும் பிடித்து, பிள்ளை வீறிடும்போதே சங்கைத் தொண்டைக்குள் கவிழ்ப்பது! அழும் பிள்ளை மூச்சை இழுக்கையில் நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடும். அதனால் வரும் சளிக்காய்ச்சலை நீர்க்கோவை என்றும் கண்ணேறு என்றும் கூறி அலைவோம். இந்த முறையை இனி எந்த வீட்டிலும் கைக்கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். மூடியும் மூக்கும் உடைய பிளாஸ்டிக் கோப்பைகள் இன்று கடைகளில் தொங்குகின்றன. பயணத்தில் நீர் சிந்தாதென்பதன்றி அவற்றால் சிறப்பான பயனில்லை. மூக்கின் உட்புறத்தைக் கழுவுதலும் பாட்டிலைப் போன்றே கடினம்.

சிறிய எவர்சில்வர் தம்ளர் ஒன்று போதும். மருந்து குடிக்கும் அளவிலான சின்னத் தம்ளர். விளிம்பு கூர்மையின்றி உருண்டிருக்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளை வேண்டாம். குழந்தை பசியாலும் தூக்கத்தாலும் சிணுங்காத நேரமாகப் பார்த்து, மடியில் நிமிர்ந்து உட்காரவைத்து, முதுகையும் தலையையும் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒரு துணி கட்டிவிடுங்கள். தம்ளரில் பாதிக்கு மேல் நீர் இருக்கட்டும்; அடியில் கிடந்தால் மிகவும் சாய்க்க வேண்டிவரும். விளிம்பைக் கீழுதட்டின் மேல் மெல்ல வைத்து, நீர் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். அவ்வளவே. வாய்க்குள் ஊற்ற வேண்டாம். நீர் உதட்டில் பட்டதும் பிள்ளையே நாவை நீட்டித் தொடும், நக்கும், பிறகு ஒருநாள் உறிஞ்சும். ஒரு மிடறு விழுங்கியதும் தம்ளரை எடுத்துவிடாமல் சற்றே நிமிர்த்தி, அது மூச்சுவிடக் காத்திருங்கள். வாயை மூடினாலோ முகத்தைத் திருப்பினாலோ அன்றைக்கு முடிந்தது. மீண்டும் அடுத்த உணவின்போது பார்க்கலாம்.

முதல் வாரங்களில் உள்ளே போவதினும் மார்பில் வழிவதே மிகுதியாக இருக்கும். அதில் வியப்பில்லை. மார்பில் அருந்தும் குழந்தை நாவை முன்னே நீட்டியே பழகியது. வாய்க்கு வந்த பொருளை நாவால் வெளியே தள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. நாவைப் பின்னிழுத்து, நீரைத் திரட்டி, விழுங்கும் வித்தை புதிது. இடையே இருமினால் அஞ்ச வேண்டாம். தம்ளரை எடுத்துவிட்டு, பிள்ளையைச் சற்றே முன்சாய்த்து நிமிர்த்திப் பிடித்தால் தானே தெளியும். ஒவ்வொரு முறையும் புரையேறினாலோ, மூக்கின் வழி நீர் வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு தமிழ்நாட்டுச் சிக்கலும் உண்டு. நாம் எச்சிலுக்கு அஞ்சும் மக்கள். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பதே நாகரிகம் என்று சிறுவயதிலேயே கற்பிக்கிறோம். ஆகவே ஆச்சி தம்ளரைப் பிள்ளையின் உதட்டில் படாமல் உயரத் தூக்கிப் பிடித்து, திறந்த வாயில் தாரையாக விடுகிறார். பெரியவருக்கு ஆகும் முறை பிள்ளைக்கு ஆகாது. அது உதட்டை வைத்துத்தான் குடிக்க வேண்டும். பிள்ளைக்கென்று தனித் தம்ளர் ஒன்றை ஒதுக்கிவிட்டால் எச்சில் என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணாந்து குடிக்கும் கலையைப் பள்ளி செல்லும் வயதில் அது தானே கற்றுக்கொள்ளும், சட்டையை நனைத்துக்கொண்டு.

தாயின் கையில் மறுக்கும் பிள்ளை பிறர் கையில் வாங்கிக்கொள்வதும் உண்டு. காரணம் எளிது: தாயின் மடியில் அமர்ந்தால் அதற்குப் பாலின் நினைவு வந்துவிடுகிறது, பால் இருக்கத் தண்ணீர் எதற்கு? ஆகவே தந்தையர் முன்வரலாம். மாலையில் பணிமுடித்து வந்து, கைகால் கழுவி, பிள்ளையை மடியில் வைத்து நான்கு மிடறு புகட்டுவதால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடாது. சின்னஞ்சிறியோருக்கு ஒரு குவளைத் தண்ணீர் அளிப்பவருக்கும் கைம்மாறு உண்டென்று ஆண்டவர் உரைத்ததை மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். அங்கே சிறியோர் என்பது சீடரைக் குறிக்கும் என்பர் விவிலிய அறிஞர். இருக்கட்டும், ஒரு தந்தை தம் மழலையை எண்ணிக்கொண்டால் ஆண்டவர் குறை காணமாட்டார் என்றே நாம் நம்புகிறோம்.

மடல் எழுதிய தாயின் தொழிலையும் நாம் மறக்கவில்லை. கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம் வட்டாரங்களில் எத்தனையோ இல்லங்களில் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியே குடும்பத்தைத் தாங்குகின்றனர். புகையிலைத் தூள் கையிலும் சேலையிலும் படியும். அந்தக் கையோடு பிள்ளையின் தம்ளரைத் தொடாதீர்கள்; சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தொடுங்கள். சுளகையும் தூளையும் தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும் அதைப் போலவே இன்றியமையாதது. வயலுக்கோ சந்தைக்கோ செல்லும் தாய்மார்கள், தூய கையால் பாலைக் கறந்து, மூடிய எவர்சில்வர் கிண்ணத்தில் நிழலான இடத்தில் வைத்துச் செல்லலாம். நான்கு மணி நேரத்திற்குள் அதே சின்னத் தம்ளரால் ஆச்சி புகட்டலாம். தம்ளர் பழகிய பிள்ளைக்குத்தான் இது இயலும் என்பதைக் கவனியுங்கள். பாட்டிலின்றியே தாய் வெளியே சென்று வரும் விடுதலையை அந்தத் தம்ளர் தருகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் தாய்ப்பாலைப் பற்றி ஆராய்ந்த அறிஞர்களிடம் பேசுகையில், தாய்மார்களுக்கு நேரமும் அறிவும் ஆதரவும் கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். மூன்றில் முதலாவது நேரம் என்பதைப் பீடிக் கணக்கு எழுதுவோரும் மாமியார்மாரும் எண்ணிப்பார்ப்பது நலம்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். குழாய் நீராயினும், அடிகுழாய் நீராயினும், விலை கொடுத்து வாங்கும் கேன் நீராயினும், பிள்ளைக்கு அதைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே தர வேண்டும். கேன் என்பதால் தூய்மை என்று கொள்ளற்க. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆறிய நீரை மூடிவைத்து, கைப்பிடியுள்ள கரண்டியால் மொண்டு எடுங்கள். தம்ளரோடு கையை உள்ளே விட்டு மொள்ளும் பழக்கத்தால் கொதிக்கவைத்த உழைப்பெல்லாம் வீணாகிறது. அன்றன்றைய நீரை அன்றன்றே. சர்க்கரை, குளுக்கோஸ் எதுவும் சேர்க்க வேண்டாம். நம் பக்கத்துக் கருப்பட்டிக் காப்பியைச் சிறு தம்ளரில் பிள்ளைக்கும் ஒரு வாய் ஊட்டி மகிழும் பெரியவர்கள் உளர். அந்த மகிழ்ச்சியைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கட்டும். தேயிலையும் காப்பியும் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுப்பன.

நாள் செல்லச்செல்ல, எட்டு ஒன்பது திங்களில் பிள்ளை தானே இரு கைகளாலும் தம்ளரைப் பற்ற முயலும். விடுங்கள், நீங்களும் ஒரு கை சேர்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டு நிறையும்போது சிந்திச் சிந்தியேனும் தானே குடிக்கும். ஒன்றரை வயதில் பெரும்பாலும் சிந்தாமல் குடிக்கும். வெறும் தம்ளரை விளையாடக் கொடுப்பதும், வீட்டார் குடிக்கையில் அருகில் அமர்த்திப் பார்க்கவிடுவதும் பல நாள் வற்புறுத்தலினும் பயன் தரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திக்கொண்டது என்ற கவலை வேண்டாம்.

இப்பொழுது, நோய் கண்ட நாள் என்று தொடக்கத்தில் குறித்தோமே, அதற்கு வருவோம். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கி, புது நீர் வரும் நாட்களில் வயிற்றுப்போக்கும் வீடு வீடாக நுழைவதுண்டு. குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமியன்று; உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்புமே. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் எல்லை ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்னும் வங்காள மருத்துவர் உப்பும் சோடாவும் குளுக்கோசும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குவளை குவளையாகக் குடிக்கவைத்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததே. அவர் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது.

அந்த மருந்துக்கு ஊசி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்; வேண்டுவது குடிக்கத் தெரிந்த ஒரு வாய். மார்பையும் பாட்டிலையும் தவிர வேறறியாத பிள்ளை, காய்ச்சலும் சோர்வுமான அந்த நாளில் தம்ளரைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுமா? நலமாயிருக்கும் நாளில், விளையாட்டாக, நாளுக்கு நான்கு மிடறு பழக்கிவைத்த தாய் அந்த இரவில் கலங்கமாட்டார்.

பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். சிறு பொட்டலமாயின் அதன்மேல் அச்சிட்டுள்ள அளவைப் பாருங்கள். பாதியைக் கரைத்துப் பாதியைச் சேமிக்கும் சிக்கனம் இங்கே கேடு. அதே பெயரின் சாயலில் விற்கும் இனிப்புப் பானங்களை வாங்கி ஏமாற வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை நீராக வெளியேறிய பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை, சின்னத் தம்ளரால் மிடறு மிடறாகவோ, தேக்கரண்டியால் ஒன்றிரண்டு நிமிடத்திற்கு ஒருமுறையாகவோ புகட்டுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னினும் மெதுவாகத் தொடருங்கள். கரைத்ததை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது. தாய்ப்பாலை ஒருபொழுதும் நிறுத்தாதீர்கள். செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பின்னும் 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். கண்கள் குழிவிழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே மறுத்தாலோ, வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை விழித்திருந்து விழுங்குமாயின், பேருந்திலும் ஆட்டோவிலும் கரைசல் ஒரு பாத்திரத்திலும் அந்தச் சின்னத் தம்ளர் உங்கள் கையிலும் இருக்கட்டும்.